சோளகத்தில் கொதித்த கார்

என் காருக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு கதவு, இரண்டு ஆசனம், துணிக் கூரை. பென்ஷன் எடுத்த வருடம் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். என் மனைவியின் தொல்லைப் பட்டியலில் அவளுடைய இரண்டு முழங்கால்களுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

தென்மேற்கிலிருந்து வீசும் இந்தச் சோளகக் காற்று தொடங்கியதிலிருந்து அது கொதிக்க ஆரம்பித்தது. சூட்டு முள் சிவப்புக்குப் போகும், பொனட்டிலிருந்து ஆவி வரும், நான் ஓரங்கட்டி நிற்பேன். பதினொரு தடவை. பாலாவியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். வாட்டர் பம்பையும் மாற்றினார். விசிறியைப் பார்த்தார், அது நன்றாகவே சுழன்றது. மிச்சம் இருந்தது ஓட்டுகிறவன்தான்.

ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. பதினொரு தடவையும் கண்டக்குழிக்குப் போகும்போதுதான் கொதித்தது. திரும்பி வரும்போது ஒரு தடவைகூட இல்லை. கண்டக்குழியில் என் மனைவியின் அக்கா வீடு, அவளுக்கு ராத்தா வீடு. "மச்சினிச்சி வீட்டுக்குப் போக காருக்கு இஷ்டமில்ல போல," என்றார் பாஸ்.

சிலாபத்தில் ஒருவர் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். போன வாரம் ஒரு நாள் காலையில் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"ராத்தா வீட்டுக்கு ஒருக்காக் கொதிக்காமக் கொண்டு போய்க் காட்டுங்க. இல்லாட்டி இண்டைக்குப் பின்னேரம் அந்தாளுக்கு ஓம் எண்டு சொல்லிரணும்."

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

புறப்பட்டோம். அவள் மடியில் ராத்தாவுக்கு இனிப்பு, வட்டிலாப்பச் சட்டி. என் ஆசனத்துக்குப் பின்னால் நாலு தண்ணீர்ப் போத்தல்.

"நாலு போத்தல் எதுக்கு? ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?"

"குடிக்க."

"நாலுமா?"

நுரைச்சோலை தாண்டும் வரை முள் நடுவில் நின்றது. பிறகு மெதுவாக ஏறியது. சிவப்பைத் தொடும் நேரம் நிறுத்திவிட்டேன். எஞ்சினை உடனே அணைக்கவில்லை. விசிறி கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டேன். பின்பக்கமிருந்து காற்று மணலை வாரி அடித்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மனைவி காரின் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு வெற்றி முகம். அது கொஞ்ச நேரம்தான்.

"இஞ்ச வாங்களேன். கால்ல நெருப்பு மாதிரி அடிக்குது."

"எஞ்சின் சூடாத்தான் இரிக்கும்."

"ஊதுதுங்கிறன். வாயால ஊதுற மாதிரி."

குனிந்து கையை வைத்தேன். முன்கிரிலின் ஓட்டைகள் வழியாகச் சூடான காற்று வெளியே வந்தது. வரவே கூடாது. விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை. வயரைக் கழற்றினேன், ஊதல் நின்றது. பூட்டினேன், மறுபடி ஊதியது. விசிறி எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருந்தது.

கணக்கு அப்போதுதான் சரியாக வந்தது. திரும்பி வரும்போது சோளகம் எதிரே அடித்து, விசிறியைத் தோற்கடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். வடக்கே கண்டக்குழிக்குப் போகும்போது காற்று முதுகில். முன்னாலிருந்து வருகிற கொஞ்சக் காற்றையும் விசிறி வெளியே தள்ளிவிடும்.

சோளகம் தொடங்குவதற்குச் சற்று முன்பு அந்த விசிறியைப் பூட்டித் தந்தவன் என் மனைவியின் தம்பி, இறால் பண்ணைக்காரன். தொலைபேசியில் பிடித்தேன்.

"ஓம் மச்சான், நான்தான் வயர மாத்திக் குடுத்தன்," என்றான் பெருமையோடு. "அது உள்ளுக்கு இழுக்குற விசிறி. இந்த மணலுக்குள்ள இழுத்தா ரேடியேட்டர் என்னத்துக்காகும்? இப்ப மணல் கிட்டயும் வராதே!"

"மணல் வரல்லடா. காத்தும் வரல்ல."

இந்தக் கரையில் மணலுக்குப் பயந்து ஜன்னலை அடைப்பார்கள், கிணற்றை மூடுவார்கள். காரின் மூக்கை அடைத்தவன் இவன் ஒருவன்தான்.

இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டினேன். வட்டிலாப்பச் சட்டியைச் சுற்றியிருந்த பத்திரிகையில் ஒரு துண்டைக் கிழித்து முன்னால் பிடித்தேன். சப்பென்று கிரிலில் ஒட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது.

"இப்ப இது கொதிச்ச கணக்கா, கொதிக்காத கணக்கா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ஆவி வந்தீச்சா?"

"வரல்ல. ஆனா முள்ளு சிவப்பத் தொட்டது. நிண்டும் போனோம்."

"அல்லாஹ்வே, ஒங்களுக்கு எதிராவே சாட்சி சொல்றீங்களே! ஏறுங்க."

அதே முதுகுக் காற்றில் மிச்ச வழியெல்லாம் ஓட்டினேன். முள் நடுவை விட்டு அசையவில்லை. கண்டக்குழிக்குத் திரும்பும் இடத்தில் சிலாபத்துக்காரரின் அழைப்பு வந்தது. அவளே எடுத்தாள்.

"இல்ல மகன், விக்கிறல்ல. இது ராத்தா வீட்டுக்குப் போற கார்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. முள்ளை மறுபடி பார்த்தேன்.

"ரோட்டப் பாருங்க," என்றாள். "முள்ள நான் பாக்குறன்."