வாயில் வைத்த விரல்

எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. விரலில் எது குத்தினாலும் உடனே வாயில் வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு ரத்தம் பட்டால் புடவை போயிற்று. யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகளுக்கும் அது பழகிவிடும்.

என் மகள் ஆரணியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். ஒரு நாள் நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திக்கொண்டாள். சட்டென்று விரலை வாயில் வைத்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் கேட்டேன்:

"தறியில குத்தாததாடி? கையக் கழுவிகினு வந்து சாப்புடு."

பி.ஏ. படித்தவள் நான். அப்படித்தான் சொன்னேன்.

அவள் தலைமை நர்ஸிடமும் சொல்லியிருந்தாள். "இதையெல்லாம் எழுதினா ரிஜிஸ்டர் பத்தாது, போம்மா" என்று பதில் வந்ததாம். அந்த நோயாளியின் ரத்தத்தையும் பார்க்கவில்லை, இவளுடையதையும் பார்க்கவில்லை.

மறு வருடம் அவள் அத்தையின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வேலூர் போனாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஹெபடைடிஸ் சி. கல்லீரலைக் கெடுக்கும் கிருமி. ஒரு வருடம் வாரா வாரம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர்.

வேலை செய்யும்போது குத்தியது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், திரும்பி வரும்வரை வேலையை வைத்திருங்கள் என்று மகளின் மருத்துவமனையில் கேட்கப் போனேன். அதே தலைமை நர்ஸ்தான் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கே டெஸ்ட் எடுத்திருந்தா ஒத்துக்கலாங்க. இப்ப எதை வெச்சு எழுதறது? பச்சை கிச்சை குத்திகினாளா, கேட்டுப் பாத்தீங்களா?"

"ரிஜிஸ்டர்ல எழுத வேணாம்னது நீங்கதானேங்க?"

"அப்படி எங்கங்க எழுதியிருக்குது?"

மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, ராஜினாமாக் கடிதம் எடுத்து வரச் சொன்னார். நானும் மகளும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊசிகள் முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்த ரத்தத்தில் கிருமி இல்லை. சிகிச்சை நடந்த அந்த வருடம் முழுக்க அவளே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். முதல் வாரம் போட்டு முடித்து ஊசியை உருவியதும் இன்னொரு கை தானாக மூடியைத் தேடிப் போனது.

"மூடாதடி!" என்று கத்திவிட்டேன்.

"என் ரத்தந்தானேம்மா," என்று சிரித்தாள். "இதுக்கு மேல இன்னா வரப்போவுது?"