உடனிருந்தவர் கையொப்பம்

பெண்களைக் கள முகாமுக்கு அழைத்துப் போவதில்லை என்பது எங்கள் நிலவியல் துறையில் எழுதாத சட்டம். மதராஸில் அந்த வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். பையன்கள் மலைப்பக்கம் போய்ப் பாறைகளை அளந்துவிட்டு, கறுத்துப்போய், பெரிய மனிதர்களாகத் திரும்புவார்கள். அவர்கள் கொண்டுவந்த அளவுகளை வைத்து நாங்கள் படம் வரைந்து, வண்ணம் தீட்டி, அதையே எங்கள் கள அறிக்கை என்று கொடுக்க வேண்டும். அறிக்கை இல்லாமல் பட்டம் கிடையாது.

"வெயில் இல்லை, முள் இல்லை. கொடுத்துவைத்தவர்களம்மா நீங்கள்" என்பார் துறைத்தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையல் புத்தகத்தைப் படித்துவிட்டு வயிறு நிறைந்தது என்று ஏப்பம் விடச் சொல்கிறார் மனிதர். "நான் அந்தமான்காரி சார். லீவில் எங்கள் தீவுக்குப் போய் என் படத்தை நானே போட்டு வருகிறேன்" என்றேன்.

"தாராளமாக. உடனிருந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே, அது யார்?" என்று சிரித்தார். முகாமுக்கு வரும் ஆசிரியர் ஒவ்வொரு அறிக்கையின் முதல் பக்கத்திலும் 'களத்தில் உடனிருந்தவர்' என்ற இடத்தில் கையொப்பமிட வேண்டும். எனக்காகக் கப்பலேறி வர எந்த ஆசிரியரும் தயாராக இல்லை.

சீனியர் ஒருவரிடம் திசை காட்டும் காம்பஸை இரவல் வாங்கிக்கொண்டு நான் கப்பலேறினேன். அப்பா போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ஆபீஸ் கிளார்க். இறங்குதுறையில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன, கல்லா?" என்றார்.

"சுத்தியல்ப்பா. கல்லு இனிமேத்தான்."

விஷயம் தெரிந்ததும் அப்பா முகம் சுருங்கியது. போர்ட் பிளேரில் கல்லுடைப்பது என்றால் கைதிகள் பட்ட தண்டனை. அதைப் பார்த்தவர்கள் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். வந்த மறுநாள் நான் வீட்டுக்குப் பக்கத்தில் கடலோரப் பாறையில் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் நின்று, "க்யா குஸூர் கியா, பேட்டி?" என்று கேட்டார். நான் என்ன குற்றம் செய்தேன் என்று அவருக்கு நிஜமாகவே கவலை. "பாஸ் ஹோனா ஹை, சாச்சா" என்றேன். பாஸாக வேண்டும் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

"ஊரே சிரிக்கும்" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். இவ மெயின்லேண்டுக்குப் படிக்கப் போனப்பவும்தான் சிரிச்சாங்க. தனியாத்தானே போகக்கூடாது? நான் கூடப் போறேன்" என்றாள் அம்மா.

அப்படித்தான் அம்மா என் கள உதவியாளர் ஆனாள். பஸ் பிடித்து ஊருக்கு வெளியே ஃபெரார்கஞ்ச் பக்கம் போவோம். சாலைக்காக வெட்டிய மேடுகள், ஓடைக்கரைகள் எல்லாம் ஏறி இறங்குவோம். டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். காலில் ஏறிய அட்டையை உப்புத் துணியால் தட்டிவிட்டு, "அளவைச் சரியாப் பாரு, எனக்குப் பசிக்குது" என்பாள்.

பாதி வேலையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே பாறைப் படிவம் ஒரு பக்கம் நின்று பார்த்தால் வடக்கே போகிறது. கொஞ்சம் தள்ளி நின்றால் கிழக்கே திரும்புகிறது. எழுதியதெல்லாம் குப்பை. பிறகுதான் உறைத்தது. அங்கே பச்சையும் கறுப்புமாக வழவழக்கும் ஒரு பாறை உண்டு. அதில் காந்தம் கலந்திருக்கிறது. காம்பஸ் ஊசி அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். ஊசியை விட்டுவிட்டு, சர்வே வரைபடத்தில் குறித்திருந்த ஒரு குன்றைக் குறியாக வைத்துக் கோணங்களை அளந்தேன். அம்மா ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மறுபடி டேப்பைப் பிடித்தாள்.

கப்பலேறும் முன் அறிக்கையின் முதல் பக்கத்தை அவளிடம் நீட்டி, 'களத்தில் உடனிருந்தவர்' என்று இங்கிலீஷில் போட்டிருந்த இடத்தைக் காட்டிப் பொருள் சொன்னேன். "நான்தானே இருந்தேன்" என்று தமிழில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் படத்தை, நூலகத்தில் இருந்த எங்கள் தீவின் பழைய படத்தோடு ஒப்பிட்டார். "திசை எல்லாம் மாறியிருக்கிறதே?"

"வீட்டில் உட்கார்ந்து போட்ட படம் சார்" என்றார் துறைத்தலைவர்.

பையிலிருந்து அந்தப் பச்சைக் கல்லை எடுத்து, மேஜையில் இருந்த அவர்களுடைய காம்பஸின் பக்கத்தில் வைத்தேன். ஊசி திரும்பியது. கல்லை எடுத்தேன், பழைய இடத்துக்குப் போனது. "பழைய படம் போட்டவர் ஊசியை நம்பியிருப்பார் சார். நானும் முதலில் நம்பினேன்."

தேர்வாளர் கல்லை வாங்கித் தானே இரண்டு முறை வைத்துப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என் அம்மா."

துறைத்தலைவருக்கு முகம் சிவந்தது. "உன் அம்மா என்ன ஜியாலஜிஸ்டா?"

"இல்லை சார். அந்த இடத்தில் உடனிருந்தவர் என்றுதான் போட்டிருக்கிறது. அவர் இருந்தார். நீங்கள் இருந்தீர்களா?"

பட்டம் போனது என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். தேர்வாளர் சிரிக்கவில்லை. மதிப்பெண்ணை எழுதி, தன் கையொப்பத்தையும் போட்டுவிட்டு, பக்கத்தைத் துறைத்தலைவர் பக்கம் தள்ளினார். அவர் பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தார். துறைத்தலைவருக்கான இடம் என் அம்மாவின் பெயருக்குக் கீழே இருந்தது. அங்கேதான் போட்டார்.