முப்பத்தெட்டு வீட்டுப் புளி

கைசர் ஜஹானுக்கு ஐம்பத்து நான்கு வயது. திருவண்ணாமலையில் புளி மண்டி வைத்திருக்கிறாள். கணவர் இறந்ததும் மண்டியை விற்கச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, தானே ஜவ்வாது மலைக்கு லாரி ஏறியவள். இருபது வருஷமாக அங்கே ஒரு ஊரின் முப்பத்தெட்டு வீட்டுப் புளியும் அவளுக்குத்தான். விலையில் சண்டை வரும், சந்தேகம் வந்ததில்லை.

அந்த ஊரில் எல்லா வீட்டுப் புளியையும் ஒரே பாயில் கொட்டிக் கலந்துதான் மூட்டை கட்டுவார்கள். இன்னார் வீட்டுச் சரக்கு மட்டம் என்று எவனும் விரல் நீட்டக் கூடாது.

ஏற்றுமதியாகும் மசாலாச் சரக்கு எந்த ஊரில் விளைந்தது என்று காட்ட தேசிய முத்திரை வருகிறது என்று சேதி கொண்டுவந்தவன் பாலாஜி. வேங்கிக்காலில் பேக்கிங் கம்பெனி நடத்துகிறவன். ரம்ஜான் தவறாமல் அவள் வீட்டில் சாப்பிட்டவன்.

"முத்திரை இருந்தா வெளிநாட்டுக்காரன் ஜாஸ்தி குடுப்பான்க்கா. உங்க பேர்லயே வாங்கித் தர்றேன். வீட்டுக்காரங்க லிஸ்ட் மட்டும் குடுங்க."

"கலந்து கட்றத சொல்லலாமா?"

"அதான்க்கா நம்ம பெருமையே! தைரியமா சொல்லுங்க."

லிஸ்ட் கொடுத்தாள். விதிப் புத்தகத்தைப் படிக்கவில்லை. பாலாஜி படித்திருக்கிறானே, போதாதா?

முத்திரைக்கான விசாரணை நாளில் அதிகாரி கேட்டார்: "இந்த மூட்டை யார் மரத்துப் புளி?"

"முப்பத்தெட்டு வீட்டோடதும் சார். கலந்துதான் கட்டுவாங்க."

அதிகாரி பேனாவை மூடினார். வீடு வாரியாகப் பிரிக்காத சரக்குக்கு முத்திரை இல்லையாம். அடுத்துக் கூப்பிட்ட பெயர் பாலாஜி. முப்பத்தெட்டுப் புளிப் பொட்டலங்களை மேசையில் அடுக்கினான். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுப் பெயர், அவள் எழுதிக்கொடுத்த அதே வரிசையில்.

படிக்கட்டில் மறித்தாள். "தெரிஞ்சேதான் சொல்லச் சொன்னியாடா?"

"இது பிசினஸ்க்கா. பர்சனலா எடுத்துக்காதீங்க."

"என் தட்டுல துன்னியே, அது பிசினஸா, பர்சனலா?"

அவன் இறங்கிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை பஸ் பிடித்து மலை ஏறினாள். மணியம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள். முப்பத்தெட்டு வீட்டுக்கும் பேசுகிறவள் அவள்தான்.

"நீ அனுப்புன ஆளு வந்தாருக்கா. அவருக்கு மட்டுந்தான் புளி போடணும்னு மூணு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கினு போனாரு. வீட்டுக்கு ஒரு பொட்டலமும் எடுத்துனாரு."

"நான் அனுப்பல மணி."

"எங்க வீட்டுப் பேரெல்லாம் சொன்னாரேக்கா? உன்ன நம்பித்தான கையெழுத்து போட்டோம்."

முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு பொய் கைவசம் இருந்தது. முத்திரை ஆபீஸில் யாரோ லிஸ்டைத் திருடிவிட்டார்கள் என்று சொல்லலாம். மணியம்மாள் நம்புவாள்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் கைசர் ஜஹான். "படிக்காம குடுத்தேன்."

மணியம்மாள், "என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போது? மத்தவங்களுக்கு நீயே சொல்லு," என்று உள்ளே போய்விட்டாள்.

கைசர் ஜஹான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். இன்னும் முப்பத்தேழு வீடு இருந்தது.