மையில் எழுதிய இரண்டு பூஜ்யங்கள்

தேவதாசன் நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் டெஸ்டர். நான் அங்கே நகல் எழுதுபவன். அளவுக் குழாயின் கோடு காட்டும் இலக்கங்களை அவர் மையால் எழுதுவார். இரண்டு கோட்டுக்கு நடுவே கண்மதிப்பாய்ச் சொல்லும் கடைசி இலக்கத்தைப் பென்சிலால் எழுதுவார். அதோடு நிறுத்திவிடுவார்.

"இதுக்கு மேல ஒரு பூஜ்யம் போட்டாலும் பொய்லே" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் கடற்கரைத் தெருக்களில் காலரா. கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரின் வீரியம் கேட்டு, சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். நல்ல தராசு பழுதாகிக் கிடந்தது. கிராமுக்குக் கீழே எடைக்கல் இல்லாத பழைய தராசில் தேவதாசன் இரண்டு கிராம் நிறுத்தார். அது ஒன்றரையாகவும் இருக்கலாம், இரண்டரையாகவும் இருக்கலாம். குழாய் மட்டும் நாலு இலக்கம் காட்டியது. கணக்குப் போட்டார்: குளோரின் நூற்றுக்கு 30.00. பென்சிலைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சிரிப்பாரோ என்று கூச்சம். நாலையும் மையால் எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இசபெல்லா குடத்தை இறக்கினாள்.

"டெஸ்டரய்யா, எங்க தெருக் கிணத்துத் தண்ணிய இனிக் குடிக்கலாமா? இல்ல, சாராயந்தான் கதியா?"

"தைரியமாக் குடிளா. நாலு இலக்கம் சுத்தமா எழுதியிருக்கேன்."

மருந்துக்குத் தட்டுப்பாடு. அந்த எண்ணை நம்பி, இன்ஸ்பெக்டர் ஒரு பிடி கூடாமல் பொடியை அளந்து போட்டார். நாலாம் நாள் இசபெல்லா காலராவில் செத்துப்போனாள். அவள் குடம் எங்கள் வாசலிலேயே கிடந்தது. காலை எட்டு மணியானால் தேவதாசன் தலையைத் தூக்குவார்.

"குடம் வச்ச சத்தம் கேட்டுதால?"

எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்றுதான் சொல்வேன்.

மறுவாரம் அதே பொடி மூட்டை அடுத்த தெருக் கிணற்றுக்குப் போவதாகச் சேதி வந்தது. தேவதாசன் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் அந்தக் கிணற்றடிக்கு நடந்தார். பின்னாலேயே போனேன்.

"சார், நான் எழுதினது தப்பு. எனக்கு அவ்வளவு தெரியாது."

"முப்பது இல்லியா? பின்ன எவ்வளவு?"

"இருபத்துநாலும் இருக்கலாம், நாப்பதும் இருக்கலாம். குறைச்சல்னே நினைச்சு அள்ளிப் போடும்."

"அன்னைக்கு இதச் சொல்ல வாய் இல்லியாவே?"

இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு படி கொட்டினார். அந்தத் தண்ணீரின் நெடி தாங்காமல் தெருவே அவரைத் திட்டியது. அங்கே யாரும் சாகவில்லை.

அதனால் இசபெல்லா செத்ததற்குப் பொடி குறைந்ததுதான் காரணம் என்று ஆகிவிடுமா? அதையும் யாராலும் அளக்க முடியாது. 30.00 எழுதிய பக்கத்தில், புள்ளிக்குப் பின்னாலிருந்த இரண்டு பூஜ்யங்களையும் தேவதாசன் அடித்தார். முப்பதில் மிச்சமிருந்த பூஜ்யத்தின் மேல், காகிதம் கிழியும்வரை பென்சிலால் திரும்பத் திரும்ப எழுதினார். நகலெடுத்தபோது அந்த ஓட்டையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.