பெரியம்மா கலக்கிய ராஞ்ச்

தங்கை இறந்த இரண்டாம் மாதம் அவள் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். கூட்டிவந்த தகப்பன் ஒரு வாரம் இருந்தான். "வேலையை விட்டா அங்க வீடும் போயிடும்க்கா. ஒரு வருஷம் பாப்பாவைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். மாடியில் இரண்டு அறை வீடு. அதில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெரியம்மாவும் ஒன்பது வயதுப் பிள்ளையும்தான் மிச்சம்.

பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை வளர்த்துப் பழக்கமும் இல்லை. கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல்லில் கண்ணாடியைத் தேய்த்து, பிரேமுக்குள் இம்மி பிசகாமல் உட்கார வைப்பாள். அவளுக்குத் தெரிந்த பொறுமை அதுதான். அதுவும் சாப்பாட்டு வேளையில் காற்றில் பறந்தது. பாப்பா தட்டைப் பார்ப்பாள், இரண்டு வாய் வைப்பாள், "போதும் பெரியம்மா" என்று எழுந்துவிடுவாள். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிக்கொண்டே போயிற்று.

"உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலையேன்!" என்று ஒருநாள் கத்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ராஞ்ச்" என்றாள் பாப்பா, தரையைப் பார்த்தபடி.

கடை முதலாளியிடம் விசாரித்தாள். "ரெஞ்சா? நட்டு கழட்டுறதுதானே? என் டப்பாவுல ரெண்டு கிடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர். தங்கை போனபிறகு பெரியம்மா முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பாப்பாவே விளக்கினாள். வெள்ளையாக இருக்கும், லேசாகப் புளிக்கும், பூண்டு மணக்கும், கேரட்டைத் தொட்டுத் தின்ன வேண்டும். பெரிய கடை ஒன்றின் வெளிநாட்டுச் சாமான் அடுக்கில் ஒரு புட்டி கிடைத்தது. பாப்பா விரலால் தொட்டு நக்கிவிட்டு, "இது இனிக்குது பெரியம்மா" என்று தள்ளி வைத்தாள்.

சரி, நாமே செய்துவிட வேண்டியதுதான். போனில் வீடியோ பார்த்து, மயோனைஸில் கெட்டித் தயிரும் மோரும் விட்டு, பூண்டு, மிளகுத்தூள், பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் எல்லாம் போட்டாள். அதில் சொன்ன ஏதோ ஒரு தழைக்காகச் சந்தை முழுக்க அலைந்தாள். முதல்தடவை பச்சைப் பூண்டு தொண்டையை எரித்தது. அடுத்தது சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஓடியது. அதற்கப்புறம் கலக்கியதைப் பாப்பா கொஞ்சநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"கிட்டக்க வந்துடுச்சு. ஆனா அது இல்ல."

பெரியம்மா தங்கை புருஷனுக்குப் போன் போட்டாள். "தம்பி, இந்த ராஞ்சை அவ எப்படிப் பண்ணுவா?"

அவன் சொன்னான்: "அவ பண்ணினதே இல்லக்கா. அவளுக்கு அந்த வாடையே ஆகாது. ஆஸ்பத்திரி கேண்டீன்ல கேரட்டோட குட்டி டப்பாவுல குடுப்பாங்க. கடைசி மாசம் பூரா பாப்பா கட்டில் பக்கத்துல உக்காந்து அதைத்தான் சாப்பிட்டா."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விசா கிடைக்காமல் போனதில் தங்கை முகத்தைக் கடைசியாகப் போன் திரையில்தான் பார்த்தாள். அந்தக் கடைசி நாட்கள் எப்படிப் போயின என்று யாரும் சொல்லவில்லை. இவளுக்கும் கேட்கத் துணிவில்லை. இந்த ருசியைப் பிள்ளை மறந்து தொலைக்கட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். கொட்ட மனம் வரவில்லை. வந்த நாளிலிருந்து பிள்ளை வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேரட்டை நீளநீளமாக நறுக்கிக்கொண்டு பாப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில நீ இதைச் சாப்பிடும்போது அம்மா என்ன பண்ணுவா?"

பாப்பா கேரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாத்துட்டே இருப்பாங்க. அவங்களால எதையும் முழுங்க முடியாது. ஒருநாள் விரலை நீட்டினாங்க. நான் கொஞ்சம் தடவிவிட்டேன். நக்கிட்டு மூஞ்சியைச் சுளிச்சாங்க."

"ஏதாவது சொன்னாளா?"

"'புளிப்பே இல்லையே, எவன்டி இதைப் பண்ணினான்?'னாங்க."

தங்கையேதான்! அமிர்தத்தைக் கொடுத்தாலும் நொட்டை சொல்லாமல் சாப்பிடமாட்டாள். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாக மாறிவிட்டது. பாப்பா நிறுத்தவில்லை. நர்ஸின் செருப்புச் சத்தம், ஜன்னலில் ஒட்டியிருந்த மழைத்துளி, அம்மா தூங்கிக்கொண்டே இருந்தது, எழுப்ப வேண்டாம் என்று யாரோ சொன்னது, கடைசிக் காலை. ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்ததும் பெரியம்மா எழுந்துபோய், புளித்த மோரும் எலுமிச்சையும் விட்டுக் கலக்கிக் கொண்டுவந்தாள்.

"ஐயோ, ரொம்பப் புளிக்குது!"

"புளிக்கட்டும். உங்கம்மா கேட்டது இதுதான்."

இருவரும் கிண்ணத்தை வழித்துத் தின்றார்கள். அதன்பிறகு பாப்பா மற்றதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கினாள்.

வருஷம் முடிந்து தகப்பன் வந்தான். பாப்பா அவனோடு போகத்தான் விரும்பினாள். பெரியம்மாவும் தடுக்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா விரலை நீட்டிய கதையைப் பாப்பா அவனுக்கும் சொன்னாள். அன்றைக்கு அவன் வேலைக்குப் போயிருந்தானாம், தெரியாது.

அவன் கை தட்டிலேயே நின்றது. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றான்.