திரைக்குப் பின்னால் எண்ணெய் புரோட்டா

மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் என் மதினி கேட்ட முதல் கேள்வி, "கடை தொறந்துட்டாகளா?" என்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடி. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஒருபுறம் அண்ணனும் மறுபுறம் நானும் நின்றோம். 1989, ஐப்பசி மாதம். அன்று ஊரில் கடையடைப்பு. எதற்காக அடைத்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. பிற்பாடு இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆனால் மதினியின் கேள்வியில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அண்ணன் குனிந்து, "எந்தக் கடை?" என்று கேட்டார். மதினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் எங்கே படுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. மதினி ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நான் அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கி, இன்னொரு ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மதினியின் பிறந்த வீடு தேவதானத்தில். நிறைய ஆட்கள் வந்துபோகும் விவசாயக் குடும்பம். அங்கே பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த இடத்திலும் அதே வழக்கத்தை யாரும் கேட்காமலேயே அவர் தொடர்ந்தார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதை அடுப்படியிலேயே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். "கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கா" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வதுண்டு. அப்படிக் கொறிப்பவரின் உடம்பு வருடத்துக்கு வருடம் ஏன் பெருத்தது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

1987இல் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்று முதல் வீட்டில் பால்கோவா ஒழிப்பு தொடங்கியது. வேலை பார்ப்பது பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில். ஆகவே குற்றவாளி பால்கோவாவாகத்தான் இருக்க முடியும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். மகாராஜபுரத்து உறவினர்கள் ஆசையாக வாங்கி வந்த பொட்டலம்கூட வாசலிலேயே கைமாறிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். மதினி சாயங்காலம் வந்து இறங்கினால் அவர் கைப்பையை அண்ணன் திறந்து முகர்ந்து பார்ப்பார்.

"கோயிலூருக்குப் போய்ட்டு வாரவ வெறுங்கையோடயா வருவா?" என்பார் அண்ணன்.

"நல்லா மோந்து பாத்துக்கோங்க. போலீசுல சேந்திருந்தா இந்நேரம் நாய்க்குக் குடுக்கிற பதக்கத்த உங்களுக்குக் குடுத்திருப்பாக" என்பார் மதினி.

பையிலிருந்து வந்தது மல்லிகை வாசனை மட்டுமே. தினமும் கோயில் வாசலில் பூ வாங்கி வருகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, விரலிடுக்கு வரை தேய்த்துக்கொண்ட பிறகுதான் அவர் பேருந்து ஏறுவார் என்பதை அந்த மருத்துவமனை அறையில்தான் தெரிந்துகொண்டோம்.

ஏனென்றால் அவர் மறைத்தது இனிப்பை அல்ல, எண்ணெய் புரோட்டாவை. எங்கள் பக்கத்தில் புரோட்டாவைக் கல்லில் வாட்டுவதோடு விடமாட்டார்கள். எண்ணெயிலேயே மிதக்கவிட்டு, அப்பளம்போல் முறுகும்வரை பொரித்தெடுத்து, நொறுக்கிப் போட்டுச் சால்னாவை ஊற்றுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய அப்படியொரு கடையில் உள்பக்கமாக ஒரு தட்டி அறை இருந்தது. வெளியே 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதிய பலகை, வாசலில் சிவப்புப் பூப்போட்ட திரை. பெண்கள் வந்தால் அங்கேதான் உட்கார வேண்டும். கூடத்தில் பெண் உட்கார்ந்து சாப்பிட்டு நான் அந்நாளில் பார்த்ததில்லை. 1984 மழைக்காலத்தில், பேருந்தைத் தவறவிட்ட ஒரு மாலையில், மதினி முதன்முதலாக அந்தத் திரைக்குள் போயிருக்கிறார்.

"நாள் பூரா காதுக்குள்ள ஊரே கூப்புடும் தம்பி. வீட்டுக்கு வந்தா நீங்கள்லாம் கூப்புடுவீக. அங்க ஒரு செத்த நேரம் என்னய யாருமே கூப்புட மாட்டாக" என்று பின்னொரு நாள் அவர் என்னிடம் சொன்னார். பசிக்காகச் சாப்பிடப் போனவர், அந்தத் தனிமைக்காகவும் போக ஆரம்பித்திருந்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிவிட்டது. எத்தனை என்று தனக்கே தெரியாது என்றார். அதை நான் நம்புகிறேன். சாயங்காலத்துக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வதற்காக, மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுபோன கோதுமைக் கஞ்சியில் பாதியைக் கொட்டிவிடுவாராம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மதினி ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ராஜபாளையத்து டாக்டர் ஒவ்வொரு முறையும், "இனிப்பு சாப்பிடுறீங்களாம்மா?" என்றுதான் கேட்டார். "நாக்குல வச்சே வருசக்கணக்காச்சு டாக்டர்" என்று இவரும் உண்மையைத்தான் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. செருப்புக் கடித்து வலது கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் கருக்க ஆரம்பித்தது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். காரணம் பிடிபடாமல் மாத்திரையைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். அந்த மாத்திரைகள் திரைக்குப் பின்னால் நடந்த சாப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அது டாக்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கடையடைப்பு நாளில் அந்தச் சாப்பாடு இல்லாமல் போனது. வழக்கம்போல் மாத்திரை உள்ளே போயிருந்தது, வழக்கம்போல் பாதிக் கஞ்சி வெளியே போயிருந்தது. எதிர்த்து நிற்க எதிராளி இல்லாததால் மருந்து அவரையே கீழே தள்ளியது. டிரங்க் கால் போர்டின் முன்னால், காதில் மாட்டிய கருவியோடு சரிந்துவிட்டாராம். யாரோ மதுரைக்கு இணைப்புக் கேட்டு அந்த முனையில் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கட்டிலில் படுத்தபடியே மதினி சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். "புரோட்டாவும் உள்ள போனா சர்க்கரைதாம்மா. அத விடுங்க. என்கிட்ட மறைச்சீங்கன்னா நான் எழுதிக் குடுக்கிற மருந்தே உங்களக் கொன்னுரும். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார். மாத்திரையைக் குறைத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் மறுநாள் காலையில், "வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரு. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பாதுகாக்கும் ஆசையில் சொன்னதுதான். ஆனால் பைக்குப் பதிலாக இனி ஆளையே முகர்ந்து பார்க்கப்போகிறார் என்பதுதான் அதன் பொருள்.

"வீட்டுல இருந்தா அடுப்படியில ஒளிச்சுத் திம்பேன்" என்றார் மதினி. "எனக்கு என்னயத் தெரியும்லா. அந்தத் திரை இருக்கிறவரைக்கும் என்னால விட முடியாதுங்க. வாரத்துல ஒரு நா, நீங்க கூட வாங்க. வெளிய, கூடத்துல உக்காந்து திங்கேன்."

"ஏட்டி, புத்தி கித்தி பெரண்டு போச்சா? மேஸ்திரி பொண்டாட்டி புரோட்டாக் கடையில உக்காந்திருக்கான்னு ஊரு பாக்கும்லா?"

"பாக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

அண்ணன் சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. அவர் கஞ்சர் அல்ல, கொடுமைக்காரரும் அல்ல. நூறு பேரை அதட்டி வேலை வாங்குபவருக்குத் தன் மனைவி நாலு பேர் முன்னால் மெல்லுவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். மதினி திரையைத் தாண்டிப் போகாமல் தெருவைப் பார்த்த முதல் மேசையில் உட்கார்ந்ததும் கடைக்காரர் ஓடி வந்தார்.

"யண்ணே, ரூமு காலியாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். இங்கயே போடு" என்றார் அண்ணன், இலையைப் பார்த்துக்கொண்டே.

கல்லில் தட்டிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை ஒரு கணம் நின்று, மறுபடியும் தட்டியது. மதினி மெதுவாக அள்ளிச் சாப்பிட்டார். எதிரே இருந்த லாரிக்காரர்கள் இரண்டொரு முறை பார்த்தார்கள்; பிறகு அவர்களுக்கு அவர்கள் சால்னா பெரிதாகிவிட்டது. இரண்டாவது புரோட்டாவில் பாதி இலையிலேயே கிடந்தது. "உள்ள இருந்தா எத்தனை தின்னேன்னே தெரியாது தம்பி. இங்கன ஒண்ணரைக்கே போதும்னு தெரியுது" என்று கை கழுவும்போது என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார். அண்ணனோ முழு நேரமும் ஒரு புரோட்டாவைக்கூட முடிக்கவில்லை. அன்று மதினி பூ வாங்கவில்லை. பேருந்தில் எங்கள் மூவர் கையும் சால்னா மணத்தது.

அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்த வருடத்திலேயே இரண்டு மூன்று முறை அவர் மறுபடியும் திரைக்குள் போனார். ஆனால் ஒரு விதியைத் தானே வகுத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "இன்னிக்குத் தின்னுட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கு வாய்த்த வேலை அதைவிடக் கடினமானது. அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முதல் தடவை அவர் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். போகப்போக, "சரி, கால அலம்பிட்டு வா" என்று சொல்லப் பழகிக்கொண்டார். 1990 மாசிக்குள் விரல் புண் ஆறிவிட்டது. மதினிக்கு இன்று எழுபத்தைந்து வயதாகிறது. காலில் பத்து விரல்களும் இருக்கின்றன. இன்று அதே பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பெண்கள் கூட்டமாக நின்று தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுகிறார்கள். பூப்போட்ட திரை எப்போது போனது என்று பலரிடம் விசாரித்தும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

1995 வாக்கில் ராஜபாளையத்துக்குப் பாஸ்ட் புட் தள்ளுவண்டிகள் வந்தன. இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் சத்தமும் பிரைட் ரைஸ் வாசனையும் தெருமுனைவரை வரும். புரோட்டாவை ஜெயித்தவர் அதனிடம் தடுமாறினார். மறுவருடம் அண்ணன் மகளைப் பெண் பார்க்கத் தளவாய்புரத்திலிருந்து வந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாகத் தையல் பட்டறை இருந்தது. நல்ல இடம். மதினிக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து, கேசரித் தட்டுகளோடு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மதினி வாசலில் வந்து நின்றார். செருப்பு காலில் இருந்தது. முகம் வெளிறியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அண்ணனுக்கும் விளங்கிவிட்டது, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். பெண்ணைப் பெற்றவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் காலம் அது. மதினி மகள் நின்ற பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, "எல்லாரும் வாங்க. எனக்குச் சுகர் இருக்கு. பொண்ணு பாக்க வாரீகங்கிற பயத்துல வார வழியில வண்டிக் கடையில ஒரு பிளேட் பிரைட் ரைஸ் தின்னுட்டு வாரேன். அதச் சொல்லாம நான் உள்ள வர்றதில்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

மாப்பிள்ளையின் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அண்ணன், "சரி, கால அலம்பிட்டு வா" என்றார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழுந்து, தன் கேசரித் தட்டையும் எடுத்துக்கொண்டு மதினிக்குப் பின்னாலேயே அடுப்படிக்குள் போனார். கேசரியைத் தொடாமலேயே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. உள்ளே அவர் கேட்டது கூடத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மதினியின் பதில் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த வண்டிக் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புலதான். ரகசியமாக் கேக்காதீக யக்கா, தனியாவும் போயிராதீக. ஒரு நா சேந்து போவோம்."