நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அப்போது எனக்கு ஆறாவது வருடம். நாமக்கல் பக்கத்து லாரிகள் எங்கெங்கே போய்வந்தன என்று அவற்றின் உரிமையாளர்களுக்குத் திரையில் காட்டுவது எங்கள் வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான கீ, லாரி எண்ணும் நேரமும் சேர்ந்தது. அந்த நேரத்தில் லாரி இருந்த இடம் அதன் மதிப்பு. டேட்டாபேஸ் கீகளை வரிசையாக வைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது இட்டரேட்டர். அந்தப் பகுதி முழுக்க நான் எழுதியது.

பள்ளிபாளையத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள். மூன்றாம் வாரமே என் மேசையருகே வந்து நின்றாள்.

"அக்கா, இந்த இட்டரேட்டரை எங்கயுமே மூடறதில்லீங்களே? அது தொறந்து கெடக்கற வரைக்கும் பழைய ஃபைலை டேட்டாபேஸ் அழிக்காதுங்க. அதானுங்க டிஸ்க் ரொம்பிக்கிட்டே போகுது. ஒரு லாரியத் தேடறதுக்கு மொதக் கீயில இருந்து படிக்கறமுங்க. நேரா அந்த எண்ணுக்கே போயி, அது முடியற எடத்துல நிறுத்திரலாமுங்க."

பக்கம் தாமதமாக வருவதற்கு மாதக்கணக்காக நான் சர்வரைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மாற்றி எழுதியதைச் சோதித்தபோது, அரை நிமிடம் காக்கவைத்த பக்கம் தொட்டவுடன் வந்தது. "இத்தன வருசமா யாருக்கும் தோணலியே!" என்று எல்லார் முன்னாலும் மேலாளர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வாடிக்கையாளர்களுக்குப் போகும் முன் அதைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. குறை கண்டுபிடிக்கவென்றே அவள் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். கிடைத்தது. கீகள் தீர்ந்தாலும், நடுவில் படிக்க முடியாமல் போனாலும் இட்டரேட்டர் ஒரேமாதிரிதான் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கடைசியில் கேட்கும் வரி என் பழைய நிரலில் இருந்தது, அவளுடையதில் விட்டுப்போயிருந்தது. நெஞ்சுக்கு இதமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஒப்புதல் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, மல்லசமுத்திரத்து லாரி உரிமையாளர் ஒருவர் அழைத்தார்.

"ஏனுங்க, உங்க படத்துல வண்டி கிருஷ்ணகிரியோட நின்னுருச்சுன்னு காட்டுது. பெங்களூரு போயி முட்டை எறக்கிட்டு வந்தேன்னு டிரைவரு சொன்னான். பொய்யின்னு நெனச்சு வேலைய விட்டே நிறுத்திப்போட்டனுங்க. இப்ப அங்க கேட்டா, வண்டி வந்துச்சுங்கறாங்க!"

சர்வரில் ஒரு ஃபைல் கெட்டிருந்தது. இட்டரேட்டர் அங்கேயே நின்றுவிட, அதுவரை படித்ததையே முழுப் பயணமென்று எங்கள் பக்கம் காட்டியிருக்கிறது.

"என் தப்புதானுங்க்கா," என்று அவள் கண்கலங்கினாள். இதற்குத்தானே காத்திருந்தேன், பார்க்க முடியவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றேன்.

"எப்பங்க்கா?"

"ஒப்புதல் குடுத்த அன்னைக்கே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டிரைவர்கிட்ட யாருங்க சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

உரிமையாளரிடம் டிரைவரின் எண்ணை வாங்கி நானே பேசினேன். "வேற வண்டிக்குப் போயிட்டனுங்க. ஆனா பொய் சொன்னவன்னு ஊரெல்லாம் பேசிட்டாங்களேங்க," என்றார் அவர். மேலாளரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அந்தப் பகுதி இப்போது முழுக்க அவள் பொறுப்பில் இருக்கிறது. மேலாளர் அதை அறிவித்த அன்றும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.